குவில்ட் வகுப்பு: முதலில் கைத்தையலா, மெஷினா?

குவில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. சென்னை வண்ணாரப்பேட்டையில் அதற்கு வகுப்பு எடுத்தால் துணிக்குப் பஞ்சமில்லை, துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. எதில் தைக்கச் சொல்வது என்பதுதான் கேள்வி.

மெஷின் வேகம். ஆனால் பத்துப் பேருக்கு இரண்டு மெஷின் என்றால் மீதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். பாபின் நூல் சிக்கினால் அதுவும் போச்சு.

கைத்தையலுக்கு ஊசி, நூல், கத்தரிக்கோல் போதும். துணித் துண்டின் ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுப் பென்சிலில் கோடு போட்டு, அதன்மேலேயே நூலோட்டச் சொல்லுங்கள். கோடு பிசகினால் மூலைகள் சேராது. ஏன் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். நாலு தையல் பிரித்தால் சரி. மெதுவாகத்தான் போகும், சிலர் அலுத்துக்கொள்வார்கள்.

என் ஓட்டு கைக்குத்தான். கை பழகியதும், துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கட்டங்களை இணைக்க மெஷினுக்குப் போகலாம். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது மட்டும் அப்போதும் கையில்தான். சாதாரண மெஷினில் மேல்துணி நகர்ந்து சுருக்கம் விழும்.