தோட்டமா, சொந்த ஊரா, பக்கத்து டவுனா?

ஐ.டி. வேலையை விட்டு கிராமத்துக்குப் போய், மறுபடி சென்னைக்கே வந்தவர்களிடம் காரணம் கேட்டால், ‘பசங்க படிப்பு’ என்பார்கள். பாதி உண்மை. தண்ணீரும் கூலியும் கையிருப்பைத் தின்ற பிறகுதான் பள்ளிக்கூடம் கண்ணில் படுகிறது.

முன்பின் தெரியாத ஊரில் ஐந்து ஏக்கர் வாங்கிக் குடியேறுவது ஒரு வழி. அதிகம் பேர் மூட்டை கட்டுவதும் இங்கிருந்துதான். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை நடலாம். நெட்டை ரகம் பலனுக்கு வர ஐந்தாறு வருஷம். அதுவரைக்கும்? முருங்கை போடலாம். பி.கே.எம்.1 என்கிற முருங்கை ரகம் ஆறு மாதத்தில் காய்க்கும், ஆனால் ஊரே காய்த்து விலை விழும் நேரத்தில்தான் நம்முடையதும் காய்க்கும். கோவை, திருப்பூர் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புழுதி பறப்பதுண்டு. இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் மும்முனை மின்சாரம் ராத்திரி ஒரு மணிக்கு வந்தால், டார்ச்சோடு போய் மடை மாற்ற வேண்டியது நாம்தான். மயிலும் காட்டுப்பன்றியும் தனிக்கதை.

சொந்த ஊர் என்றால் நிலத்துக்குச் செலவில்லை, கிணறு இருக்கும், கூப்பிட்டால் ஆள் வரும். சிக்கல் கூட்டுப்பட்டாவில், அதாவது பங்காளிகள் எல்லார் பெயரிலும் சேர்ந்து இருக்கும் பட்டாவில். புது மோட்டார் இணைப்புக்குக்கூட பெரியப்பா பிள்ளைகளின் சம்மதக் கையெழுத்துக்கு அலைய வேண்டும். ‘என்ன தம்பி, வேலை போயிருச்சா?’ என்று டீக்கடையில் கேட்பதையாவது சிரித்துக் கடந்துவிடலாம். நமக்குச் சொந்த ஊர், மனைவிக்கு அது மாமியார் ஊர். இதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு கிளம்பியவர்கள் குறைவு.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: தென்காசி, உடுமலை, பொள்ளாச்சி மாதிரி ஊரில் வாடகை வீடு, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் தோட்டம். பள்ளி, ஆஸ்பத்திரி, இன்டர்நெட் கைக்கெட்டும். சம்பளத்தை விடாமல் விவசாயம் பார்க்கலாம். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்ததே, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குச் சென்னை பஸ் ஏறாமல் வேலை கிடைத்தது. குறை இல்லாமல் இல்லை: ராத்திரி தோட்டத்தில் தங்காதவரின் தேங்காய் கணக்கு எப்போதும் இடிக்கும்.

கையில் நிலம் இல்லையென்றால், எந்த வழியானாலும் முதல் வருஷம் குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள். வாங்குவதாக முடிவு செய்துவிட்டால், சித்திரையில் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். கார்த்திகையில் எல்லாத் தோட்டமும் பச்சைதான், புரோக்கர்களும் அப்போதுதான் சுறுசுறுப்பு.