‘எக்ஸ்மஸ்’ எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் காட்டும் இணையதளம்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது துணிக்கடைப் பதாகைகளிலும் கேக் பெட்டிகளிலும் ‘எக்ஸ்மஸ்’ என்ற சுருக்கம் தென்படத் தொடங்கும். கிறிஸ்துவின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் பெருக்கல் குறியைப் போட்டுவிட்டார்களே என்ற மனத்தாங்கலும் கூடவே எழும். அகராதியைப் புரட்டி இதற்கு விடை சொல்லிவிடலாம். ஆயினும் தாமே பார்த்துத் தெளிய விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது, கோடெக்ஸ் சைனாய்ட்டிகஸ் எனப்படும் சீனாய்ச் சுவடியின் இணையதளத்தை.

நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பதப்படுத்திய தோலில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட விவிலியம் இது. புதிய ஏற்பாடு முழுமையாகக் கிடைக்கும் படிகளில் இதுவே மிகப் பழையது. சீனாய் மலையடியிலுள்ள புனித கத்தரீன் மடத்தில் இருந்த இதன் ஏடுகள் இன்று நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. பெரும்பகுதியாகிய 347 ஏடுகளை 1933இல் சோவியத் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கிய பிரிட்டன், அவற்றை லண்டனில் வைத்திருக்கிறது. 43 ஏடுகள் லைப்சிக் நகரிலும், எஞ்சியவை அந்த மடத்திலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் உள்ளன. நேரில் ஒருசேரக் காண முடியாத இவற்றை, நான்கு நிறுவனங்களும் கூடி 2009 ஜூலையில் ஒரே இணையதளத்தில் சேர்த்து வைத்தன. பார்ப்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தைத் திறந்தால், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியே இல்லாமல் பெரிய எழுத்துகளில் நான்கு பத்திகளாக எழுதியிருப்பதைக் காணலாம். கிரேக்கம் அறியாதவர் இங்கேயே திகைத்து நின்றுவிடக்கூடும். ஆனால் படத்தின் பக்கத்தில் அச்செழுத்துப் படியும் தரப்பட்டுள்ளது. அதில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் சுவடிப் படத்தில் அச்சொல் இருக்கும் இடம் கட்டமிட்டுக் காட்டப்படுகிறது. இந்தத் தளத்தின் ஆகச் சிறந்த வசதி இதுதான். ‘இயேசு கிறிஸ்துவின்’ என்னும் இரு சொற்களையும் இவ்வாறு தேடினால், ஒவ்வொன்றும் இரண்டே எழுத்துகளாகச் சுருங்கி, தலைக்கு மேல் ஒரு கிடைக்கோட்டுடன் நிற்கின்றன. இரண்டாவது சொல்லின் முதல் எழுத்து, பார்வைக்கு ஆங்கில எக்ஸ் போலவே இருக்கும் ‘கீ’. கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’ என்ற பெயர் தொடங்குவது அந்த எழுத்தில்தான்.

இடத்தை மிச்சப்படுத்தவே இப்படிச் சுருக்கினார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கடவுளைக் குறிக்கும் ‘தியோஸ்’ கிரேக்கத்தில் நான்கே எழுத்து. அதையும் இரண்டாக்கி மேலே கோடு இட்டிருக்கிறார்கள். மாறாக, எத்தனையோ நீண்ட சொற்களை முழுமையாக எழுதியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ௵ என்றும் மாதத்துக்கு ௴ என்றும் நம் ஓலைகளில் இட்டது எழுத்தர்களின் வசதிக்காக. இங்கோ திருப்பெயர்களைத் தனித்துக் காட்டும் மரபு தெரிகிறது. மாற்கு நற்செய்தியின் முதல் வரியையும் தவறாமல் பாருங்கள். முதலில் எழுதியவர் விட்டுவிட்ட ‘தேவனுடைய குமாரன்’ என்ற தொடரைத் திருத்துநர் ஒருவர் வரிக்கு மேலே சிற்றெழுத்தில் நுழைத்திருக்கிறார். அதிலும் அதே சுருக்கம், அதே மேற்கோடு. பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி எடுத்த படத்துக்கு மாற்றிக்கொண்டால் தோலின் மேடுபள்ளம்கூடத் தெரிகிறது.

இந்தக் கிரேக்க எழுத்து ஆங்கிலத்துக்குள் வந்த கதையை மட்டும் இத்தளத்தில் எதிர்பார்க்கக் கூடாது. அது வேறு காலம், வேறு நாடு. லத்தீனில் எழுதிய இடைக்காலத் துறவிகளும் கிறிஸ்துவின் பெயருக்குக் கிரேக்க எழுத்துகளையே கையாண்டனர். 1100ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் பழைய நிகழ்வுப் பதிவான ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேட்டில், ‘கிறிஸ்துவின் திருப்பலி’ எனப் பொருள்படும் பண்டிகைப் பெயர் கிறிஸ்துவின் கிரேக்கப் பெயரின் முதல் இரு எழுத்துகளான ‘கீ’, ‘ரோ’ இரண்டையும் தொடக்கத்தில் வைத்துச் சுருக்கமாக எழுதப்பட்டது. 1551இலும் இன்னொரு சுருக்க வடிவம் காணப்படுகிறது. கவிஞர் பைரன் 1811இலும் எழுத்தாளர் லூயிஸ் கரோல் 1864இலும் இன்றைய வடிவத்தையே எழுதினார்கள். ஆகவே அங்காடி விளம்பரங்கள் இதைப் பெற்றெடுக்கவில்லை. எக்ஸ் என்று உச்சரிப்பதுதான் பிற்காலக் கோளாறு. முறைப்படி எழுத்தில் சுருக்கமாக இருந்தாலும் வாயால் ‘கிறிஸ்மஸ்’ என்றே படிக்க வேண்டும்.

படம், அச்செழுத்துப் படி, மொழிபெயர்ப்பு என மூன்றும் ஒரே பக்கத்தில் இருப்பதால் கைபேசியைவிடக் கணினித் திரையே இதற்கு ஏற்றது. தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை என்பதால் தமிழ் விவிலியத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டால், அதிகாரமும் வசன எண்ணும் கொண்டே வேண்டிய இடத்தை எட்டிவிடலாம். மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர்கள் மத்தேயுவின் அந்த முதல் பக்கத்தைப் பெரிய திரையில் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது.