ரகசியம் காக்க எது மேல்: வார்டா, வீடா?

வார்டில் நோயாளியின் விவரம் கசிவது பெரும்பாலும் கோப்பிலிருந்து அல்ல, பேச்சிலிருந்துதான். திரைச்சீலை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. பக்கத்துக் கட்டிலுக்கு வருபவர் உறவுக்காரராகவும் இருக்கலாம். மார்ஃபின் என்ற வலி மருந்தின் அளவு, உயிர்காப்பு முயற்சி வேண்டாம் என்ற முடிவு போன்றவற்றைத் தனி அறையில் பேசுங்கள். எழ முடியாதவரென்றால் பார்வை நேரம் முடிந்தபின் தலைமாட்டில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில்.

கோலாலம்பூரில் தீராத நோயாளிகளைப் பராமரிக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா அமைப்பின் தாதியர் வீட்டுக்கே இலவசமாக வருகிறார்கள். வீட்டில் சுவர் உண்டு. சிக்கல் வாசலிலேயே நிற்கும். "மிஸ்ஸி, அம்மாகிட்ட புற்றுநோய்னு சொல்லிடாதீங்க" என்பார் மகன். ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். "நானா ஆரம்பிக்க மாட்டேன், அவங்களே கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்றால் போதும். பிறகு அம்மாவிடம் தனியாக: "உங்க நோயைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்? யார்கிட்ட நாங்க பேசலாம்?" பதிலைத் தேதியிட்டுக் குறியுங்கள், அடுத்த முறை மறுபடி கேளுங்கள், மனம் மாறும். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பாதியை விழுங்கிவிடும். (மகன் மறைத்ததை மருந்துப் பாட்டிலின் லேபிளே சொல்லிவிடுவதும் உண்டு.)

நினைவு தெளிவாக உள்ளவருக்கு வீடுதான் மேல். பிள்ளைகளுக்குள் சண்டையென்றால் வார்டு. மருத்துவரை வைத்துக்கொண்டே எல்லாரிடமும் ஒருசேரப் பேசலாம், அதுவும் நோயாளி சம்மதித்த அளவுக்கு மட்டும்.