சின்ன லேப்டாப்புக்கு கார்டா, ரேமா?

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். லேப்டாப்பை மண்டபத்துக்கே கொண்டுபோய், வீட்டாரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் பொறுக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே போகிறவளுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் சரிப்படாது. அதனால் 14 அங்குலம்தான் என்று முடிவு செய்துவிட்டே ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்றில் 4 ஜிபி சொந்த நினைவகத்தோடு ஆர்டிஎக்ஸ் 2050 என்ற தனி கிராபிக்ஸ் கார்டு. ஆனால் ரேம் 8 ஜிபிதான், அதுவும் போர்டிலேயே பற்றவைத்தது. இன்னொன்றில் இன்டெல் கோர் ஐ5-1335யூ சிப், தனி கார்டு கிடையாது, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலி. "அக்கா, எடிட்டிங்னா கார்டு இருக்கறதையே எடுங்க" என்றார் கடைத் தம்பி. நான் இரண்டாவதை எடுத்தேன், கூடவே அதே 3200 வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ரேமும்.

தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸுக்கென்று சொந்த நினைவகம் கிடையாது, ரேமில்தான் பங்கு கேட்கும். அங்கே ரேமின் அளவு மட்டுமல்ல, தரவு போய்வரும் பாதையின் அகலமும் முக்கியம். ஒற்றை ரேமில் விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி போய்வரும். இரண்டு போட்டால் 51.2. இன்டெல்லே இதை விதியாக வைத்திருக்கிறது: இரட்டைச் சேனல், அதாவது இரண்டு பாதையிலும் ரேம், இல்லாவிட்டால் இந்தச் சிப்பில் உள்ள கிராபிக்ஸுக்கு 'ஐரிஸ் எக்ஸ்இ' என்ற பெயரே கிடைக்காது, வெறும் 'யூஎச்டி' என்றுதான் காட்டும். பணம் கட்டும் முன்பே ரேமைப் பொருத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். பெயர் மாறியிருந்தது. தம்பியும் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த வாடிக்கையாளருக்குக் காட்டப் போவதாகச் சொன்னார். ரேமைப் பில்லில் தனியாக எழுதி வாங்கிக்கொண்டேன். அதன் வாரண்டி வேறு.

இப்போது போட்டோஷாப்பில் ஆல்பப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே குரோமில் வாட்ஸ்அப்பையும் ஓட்டுகிறேன், திணறல் இல்லை. வீடியோக்காரர்கள் தரும், நிறத் தகவல் கூடுதலாக உள்ள 10 பிட் 4:2:2 எச்.265 வீடியோ கோப்புகளும் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அந்த வகைக் கோப்பைப் பிரிக்கும் வசதி இன்டெல் சிப்பிலேயே இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 2050-இல் கிடையாது. இதை எந்தக் கடையிலும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். திரை சுமார், ஸ்பீக்கர் அதைவிடச் சுமார்.

இழுக்கிற இடம் ஒன்று உண்டு: லைட்ரூம் மென்பொருளின் ஏஐ டீநாய்ஸ், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகளை நீக்கும் வசதி. மங்கல் வெளிச்சத்தில் எடுத்த ரிசப்ஷன் படம் ஒன்றைக் கொடுத்தால் ஃபேன் இரைகிறது, படம் வர நேரமாகிறது. அது முழுக்க கிராபிக்ஸ் வேலை, கார்டு இருந்தால் பல மடங்கு சீக்கிரம் முடியும். எனக்கு எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. ரிசப்ஷன் படங்களை மொத்தமாக அப்படிச் சுத்தம் செய்கிறவர்கள் கார்டு உள்ளதையே வாங்குங்கள், ஆனால் 16 ஜிபிக்குக் குறைந்து வேண்டாம். போர்டில் பற்றவைத்த ரேமை அப்புறம் கூட்ட முடியாது.