பத்து நாள் விபஸ்ஸனா முகாம்: திருமுடிவாக்கத்துக்குப் பெட்டி கட்டும் முன்

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். இரவு 9.30க்கு விளக்கு அணையும். நடுவில் பத்து மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்து தியானம். பேச்சு கிடையாது, செல்போன் கிடையாது, புத்தகமும் பேனாவும்கூட வெளியேதான். சென்னையை ஒட்டி, திருநீர்மலை பக்கம் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது மையத்தின் பத்து நாள் விபஸ்ஸனா (பௌத்த மரபில் வந்த தியான முறை) முகாமை ஓய்வு என்று எண்ணிப் போகிறவர்கள் இரண்டாம் நாளே ஊர் திரும்பப் பார்ப்பார்கள். இது பயிற்சி, அதுவும் கடுமையானது. அப்படித் தெரிந்தே போகிறவர்களுக்கு, கோபமும் பதற்றமும் உடம்பில் எங்கே தொடங்குகின்றன என்று காட்டித்தருவதில் இந்த முகாமுக்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

இந்த வடிவத்தைப் பரப்பியவர் எஸ்.என். கோயங்கா. பர்மாவில் பிறந்த வணிகர். தாங்கமுடியாத ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் வரை போய், 1955இல் ரங்கூனில் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். தலைவலி தீர்வதற்காக மட்டும் என்றால் வரவேண்டாம் என்றுதான் ஆசிரியர் முதலில் சொன்னாராம். 1969இல் இந்தியா வந்து கோயங்கா முகாம் நடத்தத் தொடங்கினார், 2013இல் மறைந்தார். இன்றும் எல்லா மையங்களிலும் ஒலிப்பது அவருடைய பதிவு செய்யப்பட்ட குரல்தான். உடன் இருக்கும் உதவி ஆசிரியர் சந்தேகம் தீர்ப்பார். மாலை உரையைத் தமிழிலும் கேட்கலாம். விண்ணப்பத்திலேயே மொழியைக் குறித்துவிடுங்கள்.

முதல் மூன்றரை நாள் ஆனாபானா. மூக்குத் துவாரத்தின் விளிம்பிலும் மேலுதட்டின் மேலேயும் மூச்சு படும் இடத்தைக் கவனிக்க வேண்டும், அவ்வளவே. இங்கே பலர் செய்யும் தவறு, மூச்சை ஆள நினைப்பது. பிராணாயாமம் பழகியவர்களுக்கு மூச்சைச் சும்மா விட்டுவைக்க மனம் வராது. மூச்சு புலப்படாதபோது நாலைந்து முறை கொஞ்சம் அழுத்தி மூச்சு விட்டு, உடனே இயல்புக்குத் திரும்பிவிட வேண்டும். எண்ணுவது, மந்திரம் சேர்ப்பது, உருவம் நினைப்பது எதுவும் கூடாது. கவனம் ஓடிப்போய்விட்டது என்று தெரிந்ததும் திட்டாமல் திரும்பக் கொண்டுவருவதுதான் இங்கே வேலையே. ஓடிப்போனதற்காகத் தன்மேல் எரிச்சல்படுகிறவர்கள் மூன்றாம் நாளுக்குள் சோர்ந்துபோகிறார்கள்.

நாலாம் நாள் மதியம் விபஸ்ஸனா தொடங்கும். உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை பகுதி பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கே சூடோ, அரிப்போ, துடிப்போ, வலியோ எது இருக்கிறதோ அதை மட்டும் பார்ப்பது. ஒன்றும் தெரியாத இடத்தில் ஒரு நிமிடம் போல நின்று, பிறகு நகர்ந்துவிடலாம். இதன் உள்ளே இருக்கும் கருத்து எளிது. கோபம் வரும்போது மூச்சு மாறுகிறது, உடம்பில் ஏதோ ஓர் உணர்வு எழுகிறது; நாம் கத்துவது வெளியில் நடந்ததற்காக என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அந்த உள் உணர்வைப் பொறுக்கமாட்டாமல்தான் கத்துகிறோம். அதை எதிர்வினை இல்லாமல் பார்க்கப் பழகினால், கத்துவதற்கு முன் ஒரு நொடி கிடைக்கும். அந்த ஒரு நொடிதான் இந்த முகாமின் முழு விளைச்சல் என்று சொல்லலாம், அது சின்ன விஷயமில்லை.

ஏழெட்டு நாளுக்குள் சிலருக்கு உடம்பு முழுக்க மெல்லிய சிலிர்ப்பு ஓடும். இதுவே பெரிய பொறி. ‘காலையில் வந்தது மாலையில் வரவில்லையே’ என்று தேடத் தொடங்கினால், விடவேண்டிய ஆசையையே வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தோன்றாமல் முழங்கால் வலி மட்டும் இருந்திருக்கலாம், அவர் சரியாகவே செய்துகொண்டிருப்பார்.

அந்த வலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விபஸ்ஸனா தொடங்கியபின் காலை 8, மதியம் 2.30, மாலை 6 ஆகிய மூன்று கூட்டு அமர்வுகளில் ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் இருக்க முயல வேண்டும், அதிட்டானம் என்பார்கள். இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருந்தால் பாதித் தொல்லை குறையும், எனவே முதல் நாளே மெத்தையைத் தேவையான உயரத்துக்கு அடுக்கிக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போவது வேறு, மூட்டு பழுதாவது வேறு. பழைய மூட்டு, முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் நாற்காலி கேட்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. யோகாசனமும் உடற்பயிற்சியும் அனுமதியில்லை, நடக்கலாம். இது எங்கள் பார்வையில் உண்மையான குறை: இவ்வளவு நேரம் உட்காரவைக்கும் முகாமில் பத்து நிமிடம் உடம்பை நீட்டி மடக்க இடம் கொடுத்திருக்கலாம்.

சாப்பாடு எளிய சைவம்: காலை 6.30க்குச் சிற்றுண்டி, 11க்கு மதிய உணவு, மாலை 5க்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும் போல லேசாக ஏதாவது. முன்பே ஒரு முகாம் முடித்த பழைய மாணவர்களுக்கு மாலையில் எலுமிச்சைச் சாறு மட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் இந்த நேரங்களை மருத்துவரிடம் காட்டிவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. முடித்தவர்களிடம் மட்டுமே, விருப்பப்பட்டால், நன்கொடை வாங்குகிறார்கள். அடுத்து வருகிறவருக்காகக் கொடுப்பது என்பது கணக்கு.

யார் போகக்கூடாது? தீவிர மனச்சோர்வு, மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு உள்ளவர்களும், அண்மையில் பெரிய இழப்பில் நிலைகுலைந்தவர்களும். இது சிகிச்சையில்லை, உதவி ஆசிரியர் மனநல மருத்துவரும் இல்லை, சந்திப்பும் சில நிமிடங்களே. விண்ணப்பத்தில் நோயும் மாத்திரையும் கேட்கிறார்கள். இடம் கிடைக்காதோ என்று மறைப்பதும், ‘தியானம் போதும்’ என்று மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. உடனடி உதவி வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் 14416, கட்டணமில்லாத எண்.

பத்தாம் நாள் காலை மெத்தா என்ற நல்லெண்ணத் தியானம், அதோடு மௌனம் முடியும். ஒன்பது நாள் அடக்கிய பேச்சு மடைதிறந்து ஓடும், தலை சுற்றும். பதினோராம் நாள் காலை வெளியேறியதும் நேரே அலுவலகம் போகவேண்டாம், ஒரு நாள் இடைவெளி விடுங்கள். அதன்பின் வீட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் தியானம் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். சிறு குழந்தை இருக்கும் வீட்டில், இரண்டு ஷிஃப்ட் வேலையில், இது நடைமுறைக்கு வருவது கடினம். ஒரு மணி நேரம் முடியாது என்று முழுவதும் விட்டுவிடுகிறவர்களே அதிகம். காலையில் அரை மணி நேரமாவது ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உட்காருங்கள்; மனம் கொந்தளிக்கும் நாளில் உடல் உணர்வுகள் பக்கம் போகாமல் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானா மட்டும் செய்யுங்கள்; பழைய மாணவர்களுக்கான ஒரு நாள் முகாம் அறிவித்தால் பெயர் கொடுத்துவிடுங்கள்.