நாய்க்கான புதிர்ப் பலகை: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

‘உங்கள் நாயின் அறிவை வளர்க்கும்’ என்று பெட்டியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கப்படும் புதிர்ப் பலகை ஒன்றை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். செவ்வக வடிவப் பிளாஸ்டிக் பலகை. அதில் ஒன்பது குழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நகரும் மூடி. அவற்றுள் மூன்று மூடிகளை மட்டும், குறுக்கே செருகியுள்ள சிறு முளையைப் பிடுங்கிய பிறகே நகர்த்த முடியும். உலர்தீனியை உள்ளே இட்டு மூடிவிட்டால், மோப்பம் பிடித்துத் திறந்து தின்பது நாயின் பாடு. வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் அது செய்வதாகச் சொல்லும் வேலை ஒன்று, உண்மையில் செய்யும் வேலை இன்னொன்று.

முதல் நாள் என் நான்கு வயதுப் பெண் நாய் பலகையை நக்கியது, பிறாண்டியது, கவிழ்க்கப் பார்த்தது, பின் என்னைப் பார்த்துக் குரைத்தது. தற்செயலாக ஒரு நகம் மூடியின் விளிம்பில் பட்டு அது நகர்ந்தது. அடுத்த மூடியிலும் அதையே செய்யும் என்று எதிர்பார்த்தேன். இல்லை, நக்குவதிலிருந்து மறுபடி தொடங்கியது. பலகையைக் காலி செய்ய முதல் நாள் 11 நிமிடம், நான்காம் நாள் 7, எட்டாம் நாள் 3 என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. 1898இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்து, தாழை விடுவித்து வெளியேற அவை எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்தபோது கண்டதும் இத்தகைய படிப்படியான சரிவைத்தான். பொறியின் சூட்சுமம் புரிந்திருந்தால் நேரம் ஒரேயடியாக விழுந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

முளைகளின் கதை சற்று வேறு. ஒரு மாலை, அசையாத மூடியை இரண்டு முறை தள்ளிப் பார்த்த நாய், சற்று நின்று, நேராகச் சென்று முளையைப் பல்லால் கவ்வி இழுத்தது. ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் உளவியலாளர் வோல்ஃப்காங் கோலர் ஆராய்ந்த சுல்தான் என்ற சிம்பன்சி இரண்டு குச்சிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி எட்டாத பழத்தை இழுத்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்து, நானும் சிறிது நேரம் பெருமையில் மிதந்தேன். பிறகுதான், முளையைச் செருகிய என் விரல்களில் தீனியின் வாசனை இருந்திருக்கும் என்பது உறைத்தது. எளிய காரணம் போதுமான இடத்தில் உயர்ந்த மனத்திறனைக் கற்பிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் லாய்ட் மார்கன் 1894இல் எச்சரித்தது, செல்லப்பிராணி வளர்ப்பவர்களுக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

இன்னொரு ஐயமும் எழுந்தது. கணக்குப் போடுவதாக ஜெர்மனியில் பெயர் பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, விடை எண்ணைக் காலால் தட்டிக் காட்டும்போது, கேள்வி கேட்பவரின் உடலசைவைப் பார்த்தே தட்டுவதை நிறுத்தியது என்பதை 1907இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் வெளிப்படுத்தினார். நானும் தீனி உள்ள குழியையே பார்த்துக்கொண்டிருந்தேனோ என்று கைபேசியைப் படம்பிடிக்க வைத்துவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்தேன். அன்று நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானது.

ஆறாவது வாரத்துக்குப் பின் புதிர் என்ற ஒன்றே மிஞ்சவில்லை. ஒருநாள் மூடிகளை முழுதாகத் திறந்த பிறகு முளைகளைச் செருகி, தீனி கண்ணுக்குத் தெரியும்படி வைத்தேன். நாய் முதலில் மூன்று முளைகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் குழியில் வாய் வைத்தது! நெம்புகோலை அழுத்தி உணவு பெறக் குறைவாகப் பழகிய எலிகள், அந்த உணவின் மீது வெறுப்பு ஏற்படுத்தப்பட்டதும் அழுத்துவதைக் குறைத்துக்கொள்ள, மிகையாகப் பழகியவையோ தொடர்ந்து அழுத்தின என்று 1980களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வு காட்டியது. பயனை எண்ணிச் செய்த செயல், பயனைப் பற்றிய எண்ணமே இல்லாமல் நடக்கும் செயலாகிவிடுகிறது. ஆகவே இந்தப் பலகையை மாற்றமில்லாமல் தினமும் வைத்தால் வளர்வது அறிவன்று, வழக்கம். கூடவே வரும் கையேடு இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது பெரிய குறை.

மற்றக் குறைகளும் உண்டு. அடியிலுள்ள ரப்பர் வழுவழுப்பான தரையில் பிடிப்பதில்லை. பாதி நேரம் நாய் பலகையைத் துரத்திக்கொண்டிருக்கிறது. மூடி நகரும் பள்ளங்களில் தீனித்தூள் சேர்ந்து நாறுவதால் பழைய பல் துலக்கியால் தேய்த்தாக வேண்டும். முளைகள் இரண்டே வாரத்தில் பல்பட்டுச் சிதைந்தன. விழுங்கிவிடும் அளவுக்குச் சிறியவை என்பதால், நாயைத் தனியே விடுவதானால் அவற்றை எடுத்துவிடுவது நல்லது.

எந்தக் குழிகளில் தீனி என்பதை மாற்றி மாற்றி வைத்தால் பலகை மீண்டும் உயிர்பெறும் என்று எண்ணினேன். நாய் அப்போதும் இடது மூலைக்கே முதலில் சென்றது, அங்கே தீனியும் இருந்தது. படப்பதிவுகளை வரிசையாகப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: மாற்றி வைப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த எல்லா நாள்களிலும் என் கை இடது மூலையிலிருந்தே தொடங்கியிருந்தது. இப்போது தாயக்கட்டையை உருட்டிக் குழிகளைத் தேர்கிறேன். நாய்க்கு மீண்டும் 4 நிமிடம் ஆகிறது. கட்டை உருண்டு நிற்பதற்கு முன்பே என் கை இடது மூலைக்குப் போய்விடுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.