வரிசையா, தேர்வா, மதிப்பெண்ணா: பட்டதாரிகள் மருத்துவம் சேரும் மூன்று பொது வழிகள்

ஒரு பட்டத்தை முடித்துவிட்டு, சில ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்டு, அதன் பிறகு மருத்துவம் படிக்க முடிவெடுப்பவர்களுக்கென்று நான்காண்டுப் படிப்புகளை ஆஸ்திரேலியா, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் நடத்துகின்றன. மூன்றிலும் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பொதுவான ஒரு சேர்க்கை அமைப்பின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்: ஆஸ்திரேலியாவில் ஜெம்சாஸ், பிரிட்டனில் யூகாஸ், அயர்லாந்தில் சிஏஓ. பெயரளவில் மூன்றுமே ஒற்றைச் சாளர முறைதான் என்றாலும், விண்ணப்பதாரரின் தலைவிதியைத் தீர்மானிக்கும் இடம் மூன்றிலும் வெவ்வேறு. ஜெம்சாஸில் கல்லூரிகளை எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதும், யூகாஸில் எந்த நான்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும், சிஏஓவில் ஒரே ஒரு தேர்வில் என்ன மதிப்பெண் பெறுகிறோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இந்த வேறுபாட்டை உணராமல், ஒரு நாட்டு நண்பர் சொன்ன உத்தியை இன்னொரு நாட்டு விண்ணப்பத்தில் பயன்படுத்தி ஓர் ஆண்டை இழந்தவர்களைக் கண்டிருப்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மெல்பர்னில் மருந்தாளுநராகப் பணிபுரியும் என் அக்கா மகள் விண்ணப்பித்தபோது, மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு முழு இரவு அவளோடு உட்கார்ந்திருந்தேன். ஜெம்சாஸ் பட்டியலில் ஆறு இடங்கள் வரை நிரப்பலாம். "மாமா, ஆறும் மெடிக்கல் காலேஜ்தானே, எதை முன்னாடி போட்டா என்ன?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அமைப்பின் இயக்கம் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மெல்பர்ன், குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா, டீக்கின், கிரிஃபித், மக்வாரி, வுலங்காங், நோட்டர் டேம் ஆகிய பல்கலைக்கழகங்களும் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகமும் ஜெம்சாஸில் சேர்ந்திருக்கின்றன. (சிட்னி பல்கலைக்கழகமும் அடிலெய்டின் ஃப்ளிண்டர்ஸும் இதற்கு வெளியே நிற்கின்றன, அவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள்.) பெரும்பாலும் ஒவ்வொரு கல்லூரியும் ஜிபிஏ என்னும் பட்டப்படிப்புச் சராசரியையும், பட்டதாரிகளுக்கான மருத்துவ நுழைவுத் தேர்வான கேம்சாட்டின் மதிப்பெண்ணையும் தன் சொந்தச் சூத்திரத்தில் இணைத்து விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் உங்கள் பெயர் எட்டும் கல்லூரிகளில், உங்கள் விருப்பப் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அது மட்டுமே உங்களை நேர்முகத்துக்கு அழைக்கும். இரண்டாவது அழைப்பு என்பது ஜெம்சாஸுக்குள் கிடையாது. அந்த ஒரு நேர்முகத்துக்குப் பிறகு அதே கல்லூரி இடம் தராவிட்டால், நேர்முக மதிப்பெண்ணுடன் உங்கள் கோப்பு பட்டியலிலுள்ள மற்ற கல்லூரிகளின் பரிசீலனைக்குப் போகும் என்றாலும், அந்தக் கட்டத்தில் அவற்றில் மிஞ்சியிருக்கும் இடங்கள் குறைவு.

ஆகவே, பட்டியலின் உச்சியில் மிகவும் விரும்பிய கல்லூரியை எழுதுவதில் ஒரு நுட்பமான ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்தக் கல்லூரி உங்களை அழைக்கவே இல்லையென்றால் இழப்பு ஒன்றுமில்லை, அடுத்த விருப்பம் பரிசீலிக்கப்படும். மாறாக, அழைக்கப்பட்டவர்களின் கடைசி வரிசையில் மயிரிழையில் நீங்கள் இடம்பிடித்துவிட்டால்தான் சிக்கல். பெரும்பாலான கல்லூரிகளில் ஜிபிஏயும் கேம்சாட்டும் இறுதித் தரவரிசையிலும் மீண்டும் கணக்கில் வருவதால், நேர்முகத்தில் மற்ற எல்லோரையும் தாண்டினால்தான் இடம் கிடைக்கும். வேறொரு கல்லூரியில் நடு வரிசையில் நிம்மதியாக அமர்ந்திருக்க வேண்டியவர், இங்கே கடைசி பெஞ்சிலிருந்து ஓட வேண்டியிருக்கும்.

இங்கேதான் சூத்திரங்களின் வேறுபாடு உதவிக்கு வருகிறது. ஜிபிஏ 7 புள்ளிகளுக்குக் கணக்கிடப்படுகிறது, அதுவும் கடைசி மூன்று முழுநேர ஆண்டுகளுக்கு. சில கல்லூரிகள் மூன்று ஆண்டுகளையும் சமமாக எடுத்துக்கொள்கின்றன, சில கல்லூரிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கடைசி ஆண்டுக்கு அதிக எடை தருகின்றன. முதலாண்டில் 5, இரண்டாமாண்டில் 6, மூன்றாமாண்டில் 7 பெற்ற ஒருவரின் சம சராசரி 6.0, எடையிட்ட சராசரியோ 6.33. கேம்சாட்டிலும் இதே கதைதான். தேர்வை நடத்தும் ஏசர் நிறுவனம் வெளியிடும் மொத்த மதிப்பெண்ணில் மூன்றாம் பகுதியான உயிரியல், வேதியியல், இயற்பியல் இரட்டிப்பாக எண்ணப்படுகிறது. ஆனால் சில கல்லூரிகள் மூன்று பகுதிகளின் சம சராசரியை எடுக்கின்றன. முதல் பகுதியில் 60, கட்டுரைப் பகுதியில் 70, அறிவியலில் 56 பெற்றவருக்கு ஒரு கணக்கில், முழு எண்ணாக்கும் முன், 60.5, இன்னொரு கணக்கில் 62. ஒன்றரைப் புள்ளி என்று அலட்சியமாக விட்டுவிட முடியாது, ஏனெனில் அழைப்புக்கான எல்லைக்கோட்டில் ஏராளமானோர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அக்கா மகளின் விஷயத்தில் நடந்ததும் இதுதான். பட்டப்படிப்பின் முதலாண்டில் வீட்டுச் சூழலால் சறுக்கி, கடைசி ஆண்டில் மேலே வந்தவள் அவள். கட்டுரையிலும் நன்றாகச் செய்திருந்தாள். ஆறு கல்லூரிகளின் சூத்திரங்களையும் ஒரு தாளில் கோடு போட்டு எழுதிப் பார்த்தபோது, அவள் மூன்றாவதாக எழுதியிருந்த கல்லூரியில்தான் அவளுடைய எண்கள் மிகவும் உயர்ந்து நின்றன. அந்தப் பெயரை முதலிடத்துக்கு நகர்த்த அவளுக்கு மனம் வர இரவு ஒரு மணி ஆயிற்று.

ஜெம்சாஸில் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது: எந்த வகை இடம். அரசு உதவி பெறும் இடங்களில் 28.5 சதவீதம் ஒப்பந்த இடங்கள். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இவ்வாறு சேர்பவர்கள் படிப்பு முடிந்த 18 ஆண்டுகளுக்குள் மொத்தம் மூன்றாண்டுகள் நாட்டுப்புறப் பகுதிகளில் அல்லது மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களில் பணியாற்ற வேண்டும். நம் குடும்பங்களில் "ஒப்பந்தம்" என்ற சொல்லைக் கேட்டவுடனேயே பயந்து, அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. மூன்றாண்டுகளைப் பிரித்துப் பிரித்தும் முடிக்கலாம், பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியும் அதில் கணக்காகலாம் என்னும்போது, நாலில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களைப் போட்டியின்றி விட்டுக்கொடுப்பது எனக்குப் பெரும் தவறாகவே படுகிறது. முழுக்கட்டண இடங்கள் வேறு விஷயம். அந்தக் கடன் சுமை அரசு உதவி இடத்தின் சுமையைப் போலப் பல மடங்கு என்பதால், குடும்பமாக அமர்ந்து கணக்குப் பார்க்காமல் அதைக் குறிக்கக் கூடாது.

யூகாஸின் இயல்பு இதற்கு நேரெதிர். அங்கே வரிசை என்ற ஒன்றே இல்லை. மருத்துவத்துக்கு நான்கு இடங்களுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம், ஐந்தாவது இடத்தை வேறொரு படிப்புக்குப் பயன்படுத்தலாம். அக்டோபர் 15 மாலை 6 மணிக்குள், அதாவது படிப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, எல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வேறெங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பது முடிவெடுக்கும் வரை எந்தக் கல்லூரிக்கும் தெரியாது. நான்கும் அழைத்தால் நான்கு நேர்முகங்களுக்கும் போகலாம். ஒரு நாள் தொண்டை கட்டிப்போய் ஒரு நேர்முகம் சொதப்பினாலும் இன்னும் மூன்று மிச்சமிருக்கும் என்ற ஆறுதலை ஆஸ்திரேலிய மாணவர்கள் கனவிலும் எதிர்பார்க்க முடியாது. மனிதரை மதிக்கும் முறை என்ற வகையில் மூன்றில் இதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் அந்த நான்கைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. பிரிட்டனின் பட்டதாரி மருத்துவப் படிப்புகளில் சில யூகேட் என்னும் வேறொரு நுழைவுத் தேர்வையும் சில கேம்சாட் தேர்வையும் கேட்கின்றன. பட்டதாரிகளை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் வார்விக் மருத்துவக் கல்லூரி யூகேட் கேட்பதோடு, பராமரிப்புத் துறையில் பணி அனுபவத்தையும் எதிர்பார்க்கிறது. யூகேட் மதிப்பெண் தேர்வு எழுதிய அன்றே கைக்கு வந்துவிடும் என்பதால், எண்ணைப் பார்த்துவிட்டு எங்கே போடுவது என்று தீர்மானிக்கலாம். செப்டம்பரில் கேம்சாட் எழுதுபவருக்கோ முடிவு நவம்பரில்தான் வரும். விண்ணப்பத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அனுப்ப வேண்டும். எனவே, மார்ச்சிலேயே கேம்சாட் எழுதிவிடுவது அறிவுடைமை. மதிப்பெண் சில ஆண்டுகள் வரை செல்லுபடியாகும்.

பணக் கணக்கும் இங்கே தேர்வோடு பின்னிக் கிடக்கிறது. இங்கிலாந்தில் வசிக்கும் பட்டதாரி நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தால், முதலாண்டுக் கட்டணத்தில் முதல் 3,465 பவுண்டைத் தாமே கட்ட வேண்டும், மீதிக்குக் கடன் கிடைக்கும். இரண்டாமாண்டு முதல் 3,715 பவுண்டை அரசு சுகாதாரச் சேவை ஏற்றுக்கொள்கிறது, மீதி மறுபடி கடன். அதே பட்டதாரி, நான்கில் ஓரிரு இடங்களைப் "பாதுகாப்புக்காக" ஐந்தாண்டுப் படிப்புக்குக் கொடுத்து அதில் சேர்ந்துவிட்டால், முதல் நான்காண்டுகளுக்கும் கட்டணக் கடனே கிடையாது. ஆண்டுக்கு 9,500 பவுண்டுக்கு மேல் கையிலிருந்து கட்டும் நிலை வரும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இரண்டு வேலை பார்த்துப் பிள்ளையின் முதல் பட்டத்தை முடிக்க வைத்த பெற்றோருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அனுமதிக் கடிதம் வந்த பிறகு அல்ல.

அயர்லாந்தின் சிஏஓ மிகச் சுருக்கமானது. டப்ளினிலுள்ள யுசிடி என்னும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி, அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரி, கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி, லிமெரிக் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள்தான். பிப்ரவரி 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேல்நிலை, அதாவது டூ-ஒன், இருந்தால் தகுதி முடிந்தது. அதற்கு மேல் பட்டத்தின் தரம் கணக்கில்லை. நேர்முகமும் இல்லை. கேம்சாட் மதிப்பெண் மட்டுமே வரிசைப்படுத்துகிறது, விருப்ப வரிசையில் எட்டக்கூடிய மிக உயர்ந்த இடம் கிடைக்கிறது. இந்த அமைப்பில் மனத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுதலாம், எந்த உத்தியும் வேண்டாம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இதன் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசத் தயங்கும் பிள்ளைக்கும், நேர்முகத்துக்குத் தயார்ப்படுத்தும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கும் இந்த முறை தீங்கு செய்வதில்லை. ஆயினும் கேம்சாட்டின் மொத்த மதிப்பெண் முழு எண்ணாக வருவதால், ஒரே எண்ணில் பலர் நிற்பார்கள். வெட்டெண்ணுக்கு அருகே ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், அந்த மதிப்பெண் பெற்ற எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை என்று பொருள். அவர்களுக்குள் யார் என்பதைக் கணினி குருட்டாம்போக்கில் தரும் ஓர் எண் முடிவு செய்கிறது. பத்தாண்டுகள் செவிலியராக உழைத்த ஒருவரும் கல்லூரியிலிருந்து நேற்று வெளிவந்த ஒருவரும் ஒரே எண்ணில் நின்றால், அந்த உழைப்புக்கு அங்கே எடையே இல்லை என்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. மேலும், அயர்லாந்தின் இலவசக் கட்டணத் திட்டம் பட்டதாரி மருத்துவத்துக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தையோ பிரிட்டனையோ சேராத வெளிநாட்டவர்கள் சிஏஓ வழியாக அன்றி நேரடியாகக் கல்லூரிகளுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

எனவே, யாருக்கு எது என்று கேட்டால் என் பதில் இப்படி அமையும். பட்ட மதிப்பெண் சராசரியாக இருந்து, தேர்வில் மட்டும் சிறப்பாகச் செய்யக்கூடிய பிரிட்டன் தமிழ் மாணவர் சிஏஓவை ஒதுக்கவே கூடாது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான பொதுப் பயண உடன்பாட்டின் கீழ் பிரிட்டன் குடிமக்களுக்கு அங்கே தடையில்லை. பராமரிப்புத் துறையில் பணி அனுபவம் உள்ளவர், நேரில் பேசினால் தன்னை நிலைநிறுத்தக்கூடியவர், யூகாஸின் நான்கு இடங்களையும் தனக்கேற்ற தேர்வு கேட்கும் கல்லூரிகளுக்கே கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு வேறு வழியில்லை, ஜெம்சாஸோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் சிட்னிக்கும் ஃப்ளிண்டர்ஸுக்கும் தனியாக விண்ணப்பித்து, அந்த ஒற்றை நேர்முகத்தை மூன்றாக்கிக்கொள்ள முயல வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து பி.எஸ்சி. அல்லது பி.ஃபார்ம். முடித்துவிட்டு இந்த நாடுகளை நோக்குபவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியாவில் உரிமம் கோருபவரின் படிப்புக் காலம் குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும், அதற்கு மேல் 12 மாதப் பயிற்சியும் அதே நிறுவனத்தில் முடித்திருக்க வேண்டும். நான்காண்டு என்பது 48 மாதம். திரும்பி வந்து மதுரையிலோ நாகர்கோவிலிலோ மருத்துவமனை வைக்கும் எண்ணம் ஒரு மூலையில் இருந்தாலும், கேம்சாட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஆணையத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, வரும் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.